முதல் இருபது நிமிஷம்

ஏதாவது ஒரு கிருத்திகை அன்றைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் போய் நின்று பாருங்கள். 365 படி ஏறும் கூட்டம் ஒரு பக்கம், காவடி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் புது வண்டிகள்! சீட்டில் பிளாஸ்டிக் உறை கூடக் கிழிக்காத பைக், நேற்று ஷோரூமிலிருந்து வந்த கார், மினி லாரி. எல்லாவற்றுக்கும் மாலை, சந்தனம், குங்குமம். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். கற்பூரம் சுற்றி முடிந்ததும் வண்டிக்காரர் பயபக்தியோடு நசுக்கிக்கொண்டு நகர்வார். 'சளக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வண்டி பாஸ்!

இந்தப் பூஜை நடக்கும் நேரமெல்லாம் என்ஜின் என்ன செய்துகொண்டிருக்கும் என்று நீங்கள் கவனித்ததுண்டா? பெரும்பாலும் ஸ்லோவில் 'குடுகுடு'வென்று ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய வண்டிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ஒரு காலத்து என்ஜினுக்கு, அதுவும் உள்ளே புது கேம் ஷாஃப்ட் போட்ட என்ஜினுக்கு, அந்த 'குடுகுடு' தூக்குக் கயிறு! எங்கள் வீட்டில் நடந்த கதை அது. அதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம்.

1950-களின் தொடக்கத்தில் எல்லையில் ரோந்து போக நம் ராணுவத்துக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் தயாரான ராயல் என்ஃபீல்டு புல்லட் தேர்வானது. ஆர்டர் பெருகியதும், 1955-ல் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியை ஆரம்பித்தார்கள். மறு வருஷம் திருவொற்றியூர் தொழிற்சாலை திறந்தது. ஆரம்பத்தில் கப்பலில் பாகம் பாகமாக வந்து இறங்கும், இங்கே பூட்டுவார்கள். 1956 முடிவதற்குள் பூட்டியது 163 வண்டி!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த வருஷம் திருவொற்றியூரில் புல்லட் வாங்கி, முதல் சவாரியாகத் திருத்தணி முருகனைப் பார்க்கக் கிளம்பிய பக்தர் யாராவது இருந்திருந்தால், அவர் வேறு மாநிலத்துக்குப் போயிருப்பார். 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே போய்விட்டது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல்தான் திருத்தணி நம்மிடம் வந்து சேர்ந்தது. அது தனிக்கதை. இன்னொரு வாரம் சொல்கிறேன்.

அந்தக் கால வண்டிக்காரர்களுக்கு ஒரு மந்திரம் உண்டு. 'ரன்னிங் இன்'! புது வண்டியின் பின்னால் 'ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்' என்று அட்டை தொங்கும். அதாவது, 'என் வண்டி குழந்தை. மெதுவாகத்தான் போவேன், என்னை முந்திக்கொண்டு போய்விடுங்கள்' என்று அர்த்தம். முதல் 500 கிலோமீட்டருக்கு நாற்பதைத் தாண்டாதே, ரேஸ் பண்ணாதே, டபுள்ஸ் ஏற்றாதே... இப்படி மாமனார், மச்சான், மெக்கானிக் என்று ஆளாளுக்கு உபதேசம்.

உபதேசத்தில் நியாயம் இருந்தது. கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் இரும்பை பூதக்கண்ணாடியில் பார்த்தால் மலையும் பள்ளத்தாக்குமாக இருக்கும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று உரசி, அந்த முகடுகள் மழுங்கி, ஒன்றுக்கொன்று பழக வேண்டும். அன்றைய கடைசல் வேலைக்கு நாள் பிடித்தது. அவசரப்பட்டால் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். 'சீஸ்' ஆகிவிட்டது என்பார்களே, அதுதான்.

ஆனால், ஒரே என்ஜினுக்குள் இன்னொரு ஆசாமி இருக்கிறார். அவருக்கு இந்த உபதேசம் விஷம்! கேம் ஷாஃப்ட் என்று பெயர்.

கேம் என்பது பழைய சரக்கு. அல் ஜஸாரி என்ற அரபு எந்திர மேதை 1206-லேயே தன் புத்தகத்தில் அதை வைத்து எந்திரங்கள் அமைத்துக் காட்டியிருக்கிறார். ஒரு கம்பியில் முட்டை வடிவில் புடைப்புகள். கம்பி சுற்றும்போது புடைப்பு மேலே வந்து எதையாவது தூக்கும், கீழே போனதும் இறக்கும். நம் அம்பாஸடர் கார் என்ஜினில் இப்படி எட்டுப் புடைப்புகள். ஒவ்வொன்றின் மேலேயும் ஒரு டாப்பெட். புடைப்பு டாப்பெட்டைத் தூக்க, அது ஒரு கம்பியைத் தள்ள, கம்பி ராக்கரைத் தள்ள, வால்வு திறக்கிறது. ஸ்பிரிங் அதை மறுபடி மூடுகிறது.

பிரச்னை அந்த ஸ்பிரிங்கில்தான். அது கொடுக்கும் அழுத்தம் முழுக்க, கேமும் டாப்பெட்டும் தொட்டுக்கொள்ளும் நூலிழை மாதிரி ஒரு கோட்டில் விழுகிறது. சதுர அங்குலத்துக்கு லட்சம் பவுண்டைத் தாண்டும்! ஒரு மோட்டார் என்ஜினில் இவ்வளவு நெருக்கடியில் உரசும் இடம் வேறு கிடையாது என்று தாராளமாகச் சொல்லலாம்.

இதற்கு அந்த நாள் என்ஜினீயர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். டாப்பெட்டின் அடிப்பாகம் தட்டையாகத் தெரியும். ஆனால் மிக லேசாகக் குவிந்திருக்கும். கேமின் முகத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சாய்வு. இரண்டும் சேரும்போது டாப்பெட் மேலும் கீழும் போவதோடு, பம்பரம் மாதிரி தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும். சுற்றினால் தேய்மானம் பரவும், பிழைத்தது. சுற்றாமல் ஒரே இடத்தில் நின்று உரசினால்... முடிந்தது கதை! முதல் சில நிமிஷங்களில் அந்தப் புடைப்பும் அந்த டாப்பெட்டும் ஒரு ஜோடியாகிவிடுகின்றன. அப்புறம் ஜோடி மாற்றக் கூடாது. பழைய டாப்பெட்டைக் கழற்றிப் புது கேம் மேல் உட்கார வைப்பது மகா பாவம்.

இப்போது ஸ்லோ விஷயத்துக்கு வருவோம். இந்த மாதிரி என்ஜின் பலவற்றில் கேம் முகத்துக்கென்று தனியாக ஆயில் குழாய் கிடையாது. கீழே கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது சிதறி அடிக்கும் ஆயில்தான் அதற்குத் தீர்த்தம். வேகமாகச் சுற்றினால் மழை, ஸ்லோவில் ஓடினால் தூறல்! அது மட்டுமில்லை. வேகத்தில் டாப்பெட் எம்பும்போது, கேமின் உச்சியில் ஸ்பிரிங்கின் அழுத்தம் கொஞ்சம் குறைகிறது. ஸ்லோவில் அந்தச் சலுகை இல்லை, முழு அழுத்தமும் மூக்கின் மேலே. ஆயில் குறைவு, அழுத்தம் அதிகம். ஆகவே புது கேம் போட்டால், ஸ்டார்ட் ஆன அந்த விநாடியே ஆக்ஸிலேட்டரைக் கூட்டி, சுமார் 2,000 சுற்றில் வைத்து, இருபது நிமிஷம் இறக்காமல் ஓட்ட வேண்டும். ரிங் கேட்பது ஒன்று, கேம் கேட்பது வேறொன்று. ஒரே வீட்டு மாமியாரும் மருமகளும் மாதிரி!

சரி, எங்கள் வீட்டுக் கதை. அப்பா திருத்தணியில் டாக்ஸி ஓட்டினார். சொந்த வண்டி, பெட்ரோல் அம்பாஸடர். ஸ்டேஷனில் இறங்கும் பக்தர்களை மலைக்கு ஏற்றி இறக்குவதுதான் தொழில். எங்களுக்கு வருஷம் என்பது ஆடிக் கிருத்திகையில் ஆரம்பித்து ஆடிக் கிருத்திகையில் முடியும். அந்தச் சில நாள் ஓட்டத்தில்தான் ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப் பணம், அக்காவுக்குச் சேர்க்கும் அரைப் பவுன், எல்லாம்.

1993-ல் கிருத்திகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, சென்னையில் ஒரு பட்டறையில் என்ஜின் வேலை முடிந்தது. போர் பண்ணி, புது பிஸ்டன், புது கேம் ஷாஃப்ட். பட்டறைக்காரர் நல்ல மனுஷர், செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று பழைய டாப்பெட்டுகளையே மாட்டினார். ஸ்டார்ட் செய்தார். "புது என்ஜின் சார், ரேஸ் பண்ணக் கூடாது" என்று சொல்லி, முக்கால் மணி நேரம் ஸ்லோவில் ஓடவிட்டு டியூன் செய்தார். நடுவில் பொட்டு வைத்தார்கள், மாலை போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். பள்ளிக்கூடப் பையன். அந்தக் கொஞ்சலான ஸ்லோ சத்தத்தைக் கேட்டு அப்பா முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நாற்பதைத் தாண்டாமல் ஊருக்குத் திரும்பினோம். திருவள்ளூர் வருவதற்குள் 'டிக் டிக்' ஆரம்பித்துவிட்டது.

திருத்தணியில் ஒரு பெரியவர் இருந்தார். மெட்ராஸில் லாரி பட்டறைகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. வால்வு மூடியைக் கழற்றி, கேஜை விட்டுப் பார்த்து, டாப்பெட் இடைவெளியைச் சரி செய்தார். "தம்பி, மலைக்கு ரெண்டு ட்ரிப் அடிச்சுட்டு வா. மறுபடி சத்தம் வந்தா, கேம் போச்சுன்னு அர்த்தம்" என்றார். ரெண்டாவது ட்ரிப் முடிவதற்குள் வந்துவிட்டது. திறந்து பார்த்தால், எட்டுப் புடைப்பில் இரண்டு கிட்டத்தட்ட வட்டமாகவே ஆகிவிட்டிருந்தன! தேய்ந்த இரும்புத் தூளெல்லாம் ஆயிலில் கலந்து பேரிங் வரைக்கும் போயிருந்தது. மறுபடியும் முழு என்ஜினையும் பிரிக்க வேண்டும்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வண்டி ஓடவில்லை. அக்காவுக்குச் சேர்த்ததில் பாதி என்ஜினுக்குள் போயிற்று. யாரும் யாரையும் திட்டிக்கொள்ளவில்லை. அப்பா ஸ்டாண்டுக்குப் போய் வெறும் கையோடு உட்கார்ந்துவிட்டு வருவார்.

இரண்டாவது தடவை பெரியவரே செய்தார். புது கேம், எட்டும் புது டாப்பெட். எல்லா முகத்திலும் மை மாதிரி கறுப்பாக ஒரு களிம்பு (மாலிப்டினம் கலந்தது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்). ரேடியேட்டரில் தண்ணீர், கார்ப்பரேட்டரில் பெட்ரோல், டைமிங், எல்லாம் முன்கூட்டியே ரெடி. காரணம், ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் களிம்பு வழித்துக்கொண்டு போய்விடும். அப்பா வழக்கம் போல எலுமிச்சம்பழத்தோடு வந்தார். "முருகன் எங்கேயும் போயிட மாட்டான். இருபது நிமிஷம் நிக்கட்டும்" என்றார் பெரியவர். ஒரே அடியில் ஸ்டார்ட். உடனே வேகத்தைக் கூட்டிப் பிடித்துக்கொண்டார். அம்பாஸடரில் சுற்று காட்டும் மீட்டர் ஏது? காதுதான் மீட்டர். என் கையில் வாட்ச்சைக் கொடுத்து, "நீ டைம் சொல்லு" என்றார். இருபதாவது நிமிஷம் நிறுத்தி, சுடச்சுட ஆயிலை வடித்தார். வெயிலில் அது வெள்ளி ஜிகினா மாதிரி மினுக்கியது. புது ஆயில் ஊற்றிய பிறகுதான் பூஜை!

ஆயில் என்றதும் இன்னொரு சரித்திரம் சொல்லியாக வேண்டும். காஸ்ட்ரால் என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? காஸ்டர் ஆயில். நம் பாட்டி வயிற்றைச் சுத்தம் செய்யக் கொடுப்பாளே, சாட்சாத் அந்த விளக்கெண்ணெய்தான்! இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு என்பவர் 1899-ல் தொடங்கிய கம்பெனி, 1909-ல் தன் ஆயிலில் விளக்கெண்ணெய் கலந்து அந்தப் பெயரை வைத்தது. உலோகத்தை விட்டு அவ்வளவு சீக்கிரம் வழியாத பிடிவாதக்கார எண்ணெய் அது. முதல் உலகப் போரின் விமானங்கள் பலவற்றில் என்ஜினே சுழலும். பெட்ரோல் அந்த என்ஜினின் வயிற்றுக்குள் புகுந்துதான் போக வேண்டும். சாதாரண ஆயிலை அது கரைத்துவிடும். விளக்கெண்ணெயைக் கரைக்க முடியவில்லை. எரியாத எண்ணெய் புகையாகி விமானியின் முகத்தில் அடிக்கும். அதைச் சுவாசித்தவர்களுக்கு ஆகாயத்தில் என்ன அவஸ்தை ஏற்பட்டது என்பதை உங்கள் பாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்!

அந்தப் போருக்காக அமெரிக்கா இந்தியாவிலிருந்து கப்பலில் ஆமணக்கு விதை வரவழைத்துத் தன் மண்ணில் பயிரிட்டது. திருத்தணியைத் தாண்டி வடக்கே போனால் வேலியோரம் சும்மா முளைத்து நிற்குமே, அந்தச் செடி. ஆனால் சூடு பட்டுப் பட்டுப் பிசின் மாதிரி இறுகிவிடும் குணம் விளக்கெண்ணெய்க்கு உண்டு. அதனால் ரோட்டு வண்டிகளில் மண்ணிலிருந்து எடுத்த ஆயிலே நிலைத்தது. அதில் மருந்து கலக்கும் வித்தையும் வளர்ந்தது.

மருந்துகளில் ராஜா, துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள். 1940-களின் தொடக்கத்தில் பேரிங்குகள் அரிக்காமல் இருக்கத்தான் இதைக் கலந்தார்கள். 1950-களில் அமெரிக்கக் கார்களில் வால்வு ஸ்பிரிங்குகள் பலமாக ஆக ஆக கேம் ஷாஃப்ட்டுகள் கொத்துக் கொத்தாகத் தேய்ந்தன. அப்போதுதான் இந்த மருந்தின் இன்னொரு மகிமை தெரிந்தது. சூடும் உரசலும் இருக்கும் இடத்தில் மட்டும் இது சிதைந்து, இரும்பின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படலமாகப் படிகிறது. தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். கேமும் டாப்பெட்டும் நேருக்கு நேர் மோதாமல், இந்தப் படலம் தான் தேய்ந்து அவற்றைக் காப்பாற்றுகிறது. தேயத் தேய மறுபடி படிகிறது. அந்த முதல் இருபது நிமிஷத்தில் இந்த வேலையும் சேர்ந்துதான் நடக்கிறது.

பிறகு இந்த ராஜாவுக்கே கெட்ட காலம் வந்தது. 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்கும் புது பெட்ரோல் கார்களுக்குக் காட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயம் ஆனது. புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி. ஈயம் அதற்கு விஷம். ஆகவே ஈயமில்லாத பெட்ரோல் வந்தது, 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க. ஈயம் போனது நமக்கெல்லாம் பெரிய நன்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குப் பாஸ்பரஸும் ஆகாது. எனவே அமெரிக்காவில் ஆயிலின் தரம் வகுப்பவர்கள் படிப்படியாக அதைக் குறைத்தார்கள். 1990-களின் முதல் பாதியில் 0.12 சதவீதம், பிறகு 0.10, 2004-ல் வந்த 'எஸ்எம்' தரத்தில் 0.08. புது வண்டிகளுக்குக் கவலையில்லை, பல என்ஜின்களில் டாப்பெட்டுக்கு ரோலர் வந்துவிட்டது. உரசுவதற்குப் பதில் உருள்கிறது. பழைய வண்டிக்காரர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். ஆசை ஆசையாகப் புது கேம் போட்டு, கடையில் இருப்பதிலேயே விலை உயர்ந்த ஆயிலை ஊற்றி, கேமைப் பறிகொடுத்தவர்கள் வெளிநாட்டில் ஏராளம்.

ஆயில் வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இதில் ஒளிந்திருக்கிறது. அந்த 0.08 கட்டுப்பாடு 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ஆயில்களுக்குத்தான். நம் ஊர்ப் பழைய வண்டிகள் குடித்துப் பழகிய 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில்கள் அதற்கு வெளியே. அதற்காக 'மருந்துதானே, ரெண்டு பாட்டில் கூடவே ஊற்றுவோம்' என்று கிளம்பிவிடாதீர்கள். அளவுக்கு மிஞ்சினால் அதே பாஸ்பரஸ் இரும்பை அரிக்கும். இன்னொன்று... என்ஜினும் கிளட்ச்சும் ஒரே ஆயிலில் முழுகும் பைக்குகளுக்கு, கார் ஆயில் வேண்டவே வேண்டாம். உரசலைக் குறைக்கும் சில மருந்துகள் கிளட்ச்சை வழுக்கவிடும். 'ஜேஏஎஸ்ஓ எம்ஏ' என்று போட்டிருக்கிறதா என்று டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். பழைய வார்ப்பிரும்பு புல்லட்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அதில் கிளட்ச்சுக்குத் தனி ஆயில்.

2006-ல் அப்பாவின் அம்பாஸடருக்கு மறுபடி என்ஜின் வேலை வந்தது. அப்போது நான் சென்னையில் சம்பாதிக்க ஆரம்பித்திருந்தேன். பெருமைக்கு, கடையிலேயே உசத்தியான சிந்தெடிக் ஆயில், 5டபிள்யூ-30, நாலு லிட்டர் டப்பா வாங்கிக்கொண்டு திருத்தணி போனேன். பெரியவருக்குக் கண் பார்வை மங்கியிருந்தது. டப்பாவைத் திறந்து, ஒரு சொட்டை விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தார்.

"தண்ணி மாதிரி இருக்கு. இது கம்ப்யூட்டர் வண்டிக்கு. நம்ம வண்டிக்கு வேணாம்."

பாஸ்பரஸ் பற்றியோ, அமெரிக்கத் தரம் பற்றியோ அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும்தான் அன்றைக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் போய் சாதாரண 20டபிள்யூ-50 வாங்கி வந்தேன். அப்பா வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது நிமிஷம்.

அந்த உசத்தி டப்பா ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது. கேட் கீலுக்கும், அம்மாவின் தையல் மெஷினுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தீர்த்தோம்.